ஜோடி அக்காவும் ஒற்றை ஆணியும்

உலகத்தில் எதற்கும் ஒற்றையாக இருக்கும் உரிமை கிடையாது என்று நம்பியவர் ஜோடி அக்கா. சூரியன் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பதில்கூட அவருக்கு எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. "நிலாவை அதோட ஜோடின்றாங்க. அது மாசா மாசம் தேயுது, ஷேடும் சேரல. எந்த மடையன் பாஸ் பண்ணானோ!" என்பார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைச் சொல்லிக் கேட்டால் ஆம்பூரில் யாருக்கும் தெரியாது. நாங்கள் இருவரும் வேலை பார்த்தது ஒரு ஷூ கம்பெனியில். நான் பேக்கிங். எனக்கு முன்னால் இருந்த மேஜை அக்காவுடையது. இடது கால் ஷூ ஒரு தோலிலிருந்து வந்திருக்கும், வலது கால் வேறு தோலிலிருந்து வந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் சேர்கிறதா, குதிகால் உயரம் சேர்கிறதா என்று பார்த்து ஜோடி சேர்ப்பது அவர் வேலை. அவர் ஜோடி சேர்த்ததைத்தான் நான் பெட்டியில் போடுவேன். சந்தேகம் வந்தால் ஷூவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடுவார். "ட்யூப் லைட் பொய் சொல்லும் தம்பி. வெயிலுதான் நிஜம் பேசும்."

இந்தப் பழக்கத்தை அவர் கம்பெனி வாசலோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. பிரியாணிக் கடையில் இலையில் ஒரு துண்டு கறி விழுந்தால், "இதோட ஜோடி எங்கப்பா?" என்று கேட்டு இன்னொன்று வாங்கிவிடுவார். கல்யாண வீட்டில் எல்லோரும் மொய் எழுதப் போவார்கள். இவர் மேடைக்கு முன்னால் நின்று மாப்பிள்ளையையும் பெண்ணையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். அந்த நேரம் இரண்டு வீட்டாருக்கும் மூச்சு நின்றுவிடும். கடைசியில், "ஹைட்டுதான் கொஞ்சம் ஜாஸ்தி கம்மி. பரவால்ல, பாக்ஸுல போடலாம்" என்று சொன்ன பிறகுதான் பந்தி ஆரம்பிக்கும்.

பேக்கிங்கில் ஒருவன் ஒருமுறை வாய் நீட்டினான். "ஊருக்கெல்லாம் ஜோடி சேக்கறியேக்கா, உனக்கு ஒண்ணும் மாட்டலயா?"

அக்கா கையிலிருந்த ஷூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாட்டுச்சு. நாலஞ்சு வந்துச்சு. எல்லாம் ரிஜெக்ட் பீஸு. திருப்பி அனுப்பிட்டேன்."

அவன் அதற்குப் பிறகு பேக்கிங்கில் வாயைத் திறந்தது சாப்பிடுவதற்கு மட்டும்தான்.

சாம்பிள் ஷூக்கள் காணாமல் போகின்றன என்று கம்பெனியில் புலம்பியபோது வழி சொன்னவரும் அவர்தான். இடது காலையெல்லாம் ஒரு அறையில் வையுங்கள், வலது காலையெல்லாம் வேறு அறையில் வையுங்கள் என்றார். "ஒத்தக் காலை எவனும் திருட மாட்டான்." அதற்குப் பிறகு ஒரு ஷூவும் போகவில்லை.

இப்படிப்பட்டவர் போட்டோ பிடிக்கும் வகுப்புக்கு வந்து சேர்ந்த கதைக்கு வருகிறேன்.

கம்பெனியில் எல்லோருக்கும் புது அடையாள அட்டை கொடுத்தார்கள். ஒரு ஸ்டுடியோக்காரர் வந்து எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். அட்டை வந்தது. அந்த மனிதர் நல்லெண்ணத்தில் எங்கள் அத்தனை பேருக்கும் கலரை ஏற்றிவிட்டிருந்தார். தோல் பதனிடும் ஊரில் எங்கள் தோலையும் பதனிட்டுவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அக்கா அந்த அட்டையில் உரித்த முட்டை மாதிரி இருந்தார்.

மறுநாள் காலை வாசலில் வாட்ச்மேன் அட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். "யாருக்கா இது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். யாருய்யா இது?"

பின்னால் நாங்கள் எல்லோரும் நிற்கிறோம். அக்கா நகரவில்லை. நேராக ஆபீசுக்குப் போய், அட்டையை மேஜை மேல் போட்டு, "ஷேடு மிஸ்மேட்ச். ரிஜெக்ட்" என்றார். ஆபீசில் இருந்தவர் சிரித்தார். "மத்தவங்கல்லாம் சந்தோசமா மாட்டிக்கினு போறாங்க. உனக்கு மட்டும் இன்னாம்மா? வேணும்னா நீயே போட்டோ புடிச்சுக் குடு. ஆனா ஒண்ணு, போட்டோகிராபர்னு சர்டிபிகேட் இருக்கணும்."

அவர் கேலிக்குத்தான் சொன்னார். கேலி செய்யக்கூடாத ஆளிடம் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் பின்னால் உள்ள கூடத்தில் நடக்கும் போட்டோ, எடிட்டிங் வகுப்பின் முதல் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். கடைசி பெஞ்சில் நான் இருந்தேன்.

நான் ஏன் அங்கே இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆட்கள் முன்னால் நிற்க வராது. கம்பெனி ஆண்டு விழா குரூப் போட்டோக்களில் என்னைத் தேடினால் யாருடைய தோளுக்குப் பின்னாலோ ஒரு காது தெரியும். அது நான்தான். கேமராவைக் கையில் வைத்திருப்பவனை யாரும் படம் எடுக்க மாட்டார்கள் என்று கண்டுபிடித்து, அந்த ஒரே காரணத்துக்காக வகுப்பில் சேர்ந்தேன். பத்தாவது வரை படித்தவன் கண்டுபிடிப்பதற்கு அது பெரிய விஷயம்தான்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் வேலூரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு இளைஞர். தாடி, தோளில் பெரிய பை, நல்ல பொறுமை. அந்தப் பொறுமையின் அடிமட்டம்வரை போய்ப் பார்த்தவர் அக்கா. கேமரா சார் என்று நாங்கள் கூப்பிட்ட அவர் பாடம் நடத்தும் முறை இது: வாரம் ஒரு புராஜெக்ட். ஒரு தலைப்பு கொடுப்பார். நாங்கள் ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் சரி செய்து, அடுத்த வாரம் எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டும். நானும் எடுத்தேன். என்னைத் திருப்பிப் பார்க்காத பொருளாகத் தேடி எடுத்தேன். பிளாஸ்டிக் வாளி. சுவர். நாயை எடுத்தபோதுகூடத் தூங்குகிற நாயாகப் பார்த்து எடுத்தேன்.

முதல் தலைப்பு 'கதவு'. அக்கா இரண்டு படம் கொண்டுவந்தார். வெளியே இருந்து ஒன்று, உள்ளே இருந்து ஒன்று.

"ஒரு படம்தாம்மா கேட்டேன்" என்றார் சார்.

"ஒத்தக் கால் ஷூவை யாராச்சும் வாங்குவாங்களா சார்?"

"இது ஷூ இல்லம்மா. கதவு."

"கதவுக்கும் ரெண்டு பக்கம் இருக்குதே."

சார் அன்று விட்டுக்கொடுத்தார். அதுதான் அவர் செய்த தப்பு. அடுத்து 'கை' என்றார். இடது கை ஒன்று, வலது கை ஒன்று. 'மரம்' என்றார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த புளியமரமும் அந்தப் பக்கம் இருந்த புளியமரமும் வந்தன. படத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை நடுவில் வைக்காமல் ஓரக் கோட்டில் வைக்க வேண்டும் என்று சார் சொல்லிக்கொடுத்த அன்று அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "மூணா? மூணுன்னா ஒண்ணு ஒத்தையா நிக்குமே சார். நாலா பிரிச்சுக்கறேன்." அவர் நான்காகப் பிரித்தார். கேமரா சார் ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

'சூரிய உதயம்' என்ற தலைப்பு வந்தபோது, தண்ணீர் இல்லாத பாலாற்றுப் பாலத்தின் மேல் நின்று காலையில் ஒன்று எடுத்தார். ஜோடிக்கு என்ன செய்வது? அதே பாலத்தில் சாயங்காலம் மறுபக்கம் திரும்பி நின்று அஸ்தமனத்தை எடுத்தார். இரண்டையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது. காலை மஞ்சள், மாலை சிவப்பு. ஷேடு சேரவில்லை.

எங்கள் வகுப்பில் வாணியம்பாடியிலிருந்து வருகிற நஸ்ரீன் என்ற கல்லூரிப் பெண் இருந்தாள். எந்தப் பட்டனை அமுக்கினால் எந்தக் கலர் ஏறும், எது இறங்கும் என்று அக்காவுக்கு ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அக்கா உட்கார்ந்தார். மஞ்சளை இறக்கினார், சிவப்பை ஏற்றினார், கம்மி பண்ணினார், ஜாஸ்தி பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை காட்டினார். இரண்டு சூரியனும் ஒரே பெட்டியில் வந்த ஷூ மாதிரி இருந்தன.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுல காலைல எடுத்தது எதும்மா?"

"அது எதுக்கு சார்? ஜோடி சேர்ந்துச்சா, அதைப் பாருங்க."

"இல்லம்மா, தலைப்பே சூரிய உதயம்…"

"எடுத்த எனக்கே தெரியல. நஸ்ரீனு, உனக்குத் தெரியுதாம்மா?"

"அரே, நஹி அக்கா" என்று மேஜைக்கு அடியில் தலையை விட்டுச் சிரித்தாள் அவள்.

ஆனால் எடிட்டிங் கற்ற கையோடு அக்கா செய்த முதல் சொந்த வேலை வேறு. அந்த அடையாள அட்டைப் படத்தை நஸ்ரீனை விட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். தன் மணிக்கட்டைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முகத்தின் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். திடீரென்று நிறுத்தினார். மேலே பார்த்தார். ட்யூப் லைட்.

"சார், இந்தக் கம்ப்யூட்டரை ஜன்னல்கிட்ட தூக்கிக்கினு போலாமா?"

"கம்ப்யூட்டரையெல்லாம் தூக்க முடியாதும்மா."

"அப்ப ஜன்னலை இங்க கொண்டாங்க."

கடைசியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மேஜையோடு தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் வைத்தோம். கம்ப்யூட்டரின் கடைசி வயர் இழுத்து நின்ற இடத்தில் வெயில் இருந்தது. அந்த வெயிலில் அக்கா மெதுவாகத் தன் சொந்த நிறத்துக்குத் திரும்பி வந்தார். கன்னத்தில் ஒரு மச்சம் மட்டும் வரவில்லை. ஸ்டுடியோக்காரர் அதை அழித்துவிட்டிருந்தார். அழித்ததைத் திருப்பிக் கொண்டுவர முடியாது என்று சார் சொன்னார். அக்கா, "அப்ப இது வேணாம். புதுசா எடுக்கணும். சர்டிபிகேட் வரட்டும்" என்றார்.

'முகம்' என்ற தலைப்பைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. சார் பாவம். அக்கா அவரைத்தான் படம் எடுத்தார். மனித முகத்தில் இடது பாதியும் வலது பாதியும் சேராது என்பது அவருக்கு அன்றுதான் பெரிய அதிர்ச்சியாகத் தெரிந்தது. கடவுளிடம் புகார் கொடுக்க முடியாததால் தானே சரி செய்தார். இடது பாதியோடு இடது பாதியைத் திருப்பி ஒட்டி ஒரு முகம். வலது பாதியோடு வலது பாதியை ஒட்டி இன்னொரு முகம். வகுப்பில் காட்டினார். முதல் ஆள் கந்துவட்டிக்குக் கொடுப்பவர் மாதிரி இருந்தார். இரண்டாவது ஆள், தாடி இருந்தும்கூட, பால்வாடி டீச்சர் மாதிரி இருந்தார்.

"இது எங்க அத்தை" என்றார் சார், மெல்லிய குரலில்.

"ரெண்டு பேருமே உங்க மூஞ்சிக்குள்ளதான் சார் இருக்காங்க. நான் பிரிச்சுதான் வச்சேன்."

அன்றே சார் ஒரு சட்டம் போட்டார். கடைசி புராஜெக்ட்டுக்குக் கண்காட்சி. ஒரு ஆளுக்கு ஒரு படம். சுவரில் ஒரு ஆளுக்கு ஒரு ஆணி. ஆணியில் படம் தொங்கினால்தான் சர்டிபிகேட். இரண்டு படம் கொண்டுவருபவர்களுக்கு ஆணியும் கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது. இதைச் சொல்லும்போது அவர் அக்காவைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை.

தலைப்பு 'உழைப்பு'. கண்காட்சியைத் திறந்து வைக்க வருபவர் எங்கள் கம்பெனி முதலாளி. வகுப்புக்குக் கம்ப்யூட்டர்கள் கொடுத்தவரும் அவர்தான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, நீ இன்னா எடுக்கப் போற?"

"சும்மா… மம்பட்டி ஒண்ணு சாய்ச்சு வச்சு…"

"மம்பட்டியா! அது தூங்குதா, முழிச்சிக்கினு இருக்குதா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ரெண்டு படம் வேணும். கம்பெனி கேட்டு வாசல்ல. காலைல எல்லாரும் உள்ள போறது ஒண்ணு. சாயங்காலம் அதே ஆளுங்க வெளிய வர்றது ஒண்ணு. ஒரே எடம், ஒரே கோணம். காலைல நான் பர்மிஷன் போட்டு லேட்டா வர்றேன், நான் எடுக்கறேன். சாயங்காலம் நீ பர்மிஷன் போட்டு முன்னாடி வெளிய வா, நீ எடு. உன் ஆணில ஒண்ணு, என் ஆணில ஒண்ணு. சார் சட்டமும் உடையாது, ஜோடியும் உடையாது."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. சரி என்று சொல்லவும் வராது. நான் தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் எழுந்து போய்விட்டார்.

காலையில் நான் கூட்டத்தோடு நடந்து வந்தேன். கேட்டுக்கு எதிரில் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் அக்கா கேமராவோடு நிற்கிறார். நின்ற இடத்தில் இடது கால், வலது கால் என்று தன் பாதத்தைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறார். பெண்கள் பூ வைத்து, பவுடர் போட்டு, டிபன் பையை ஆட்டிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்துகொண்டு போகிறார்கள். நான் என் வழக்கப்படி ஒரு தோளைத் தேடிப் பின்னால் ஒதுங்கினேன்.

"தம்பி! லேஸு அவுந்து கெடக்குது!" என்று எதிர்ப்பக்கமிருந்து ஒரு சத்தம்.

சட்டென்று நின்று குனிந்தேன். கூட்டம் என்னைத் தாண்டிப் போனது. நான் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. லேஸ் எங்கே என்று தேடி, கிடைக்காமல், குழப்பத்தோடு நிமிர்ந்தேன். 'க்ளிக்' என்றது. என் வாழ்க்கையில் காது மட்டும் இல்லாமல் முழு முகமும் விழுந்த முதல் படம் அதுதான். வாயைத் திறந்துகொண்டு இருக்கிறேன்.

சாயங்காலம் என் முறை. இளநீர் வண்டிக்காரர் சாக்பீஸ் கோட்டின் மேல் வண்டி ஏறாமல் காவல் காத்திருந்தார். என் பாதம் அந்தக் கோட்டுக்குள் அடங்கவில்லை. கம்பெனிச் சங்கு ஊதியது. அத்தனை பேரும் எனக்கு நேராக வரப்போகிறார்கள், அத்தனை கண்ணும் என்மேல் விழப்போகிறது என்று நினைத்துக் கேமராவை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன்.

வந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

கேமராவோடு நடுவழியில் ஒருவன் நிற்கிறான் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. காலையில் சிரித்த பெண்கள் பேசாமல் வந்தார்கள். பூ வாடித் தொங்கியது. ஒருத்தி கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒருத்தி நடந்துகொண்டே கண்ணை மூடியிருந்தாள். கூச்சப்பட எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. நான் அமுக்கினேன். நடுவில் ஒருவர், தோள் ஒருபக்கம் சாய, தரையைப் பார்த்துக்கொண்டு வந்து என்னைத் தாண்டிப் போனார். அது அக்கா.

"அக்கா!"

திரும்பினார். என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். இந்தத் திட்டத்தை முழுக்கப் போட்டவருக்கு, சங்கு ஊதிய நேரத்தில் எல்லாம் மறந்து போயிருந்தது.

"எடுத்துட்டியா தம்பி? நான் படத்துல எங்க வந்தேன்?"

ஞாயிற்றுக்கிழமை இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த சார் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் முகம் மாறியது. "காலைல எடுத்தது பிரமாதம். சாயங்காலம்… முதலாளி வர்றாரும்மா. இவ்வளவு இருட்டா, டல்லா வேணாம். முகத்தையெல்லாம் கொஞ்சம் பிரைட் பண்ணி, கண்ணுக்குக் கீழ கருப்பை எடுத்துடுங்க. காலைல எடுத்ததோட மேட்ச் ஆயிடும். உங்களுக்குத்தான் மேட்ச் ஆனா புடிக்குமே."

அக்கா இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாண மேடையைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

"இது மேட்ச் ஆகக்கூடாது சார்."

வகுப்பே திரும்பியது. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று யாரும் நினைத்ததில்லை.

"சூரியனுக்கே ஷேடு மாத்துனீங்களேம்மா!"

"சூரியன் வந்து கேக்கப் போவுதா? இவளுங்க வந்து பாப்பாளுங்க சார். பாத்துட்டு, யாருக்கா இதுன்னு என்னைக் கேட்டா நான் இன்னா சொல்றது?"

"சர்டிபிகேட் வேணாமா உங்களுக்கு?"

"வேணும்."

"அப்ப?"

"மாத்த மாட்டேன்."

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். அவரையும் சொல்லிக் குற்றமில்லை. முதலாளி முகம் சுளித்தால் கம்ப்யூட்டர் போய்விடும், வகுப்பு போய்விடும், வேலூர் பஸ்ஸும் போய்விடும். அவர் என் பக்கம் திரும்பினார். "சாயங்காலப் படம் உங்க பேர்லதானே இருக்கு. நீங்க சொல்லுங்க சார். ஒரு பட்டன்தான். பிரைட் பண்ணிடலாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒளிந்துகொள்ளத் தோள் எதுவும் பக்கத்தில் இல்லை. அக்கா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் சார்" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்டது. அது நல்ல குரலாகத்தான் இருந்தது.

கண்காட்சி அன்று இரண்டு ஆணியில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. கேமரா சார் கடைசி நேரம்வரை சாயங்காலப் படத்துக்கு முன்னால் ஒரு பூந்தொட்டியை நகர்த்துவதும், அக்கா அதைத் திருப்பி நகர்த்துவதுமாக இருந்தார்கள். முதலாளி வந்தார். ரிப்பன் வெட்டினார். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் இடத்துக்கு வந்தார்.

"நம்ம கேட்டு! யார் எடுத்தது?"

"காலைல நான் சார். சாயங்காலம் இந்தத் தம்பி" என்றார் அக்கா. நான் தரையில் சாக்பீஸ் கோடு இருப்பது மாதிரி நின்ற இடத்திலேயே நின்றேன்.

"காலைல எடுத்தது நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படத்துக்கு நகர்ந்தார். சார் நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் அக்கா, "சார், ஒரு நிமிசம்" என்றார். "ஒத்தக் காலைப் பாத்து நம்ம கம்பெனில யாராச்சும் பாஸ் பண்ணுவாங்களா? ஜோடியாப் பாருங்க சார்."

முதலாளி திரும்பி வந்தார். அவரும் தோலோடு வளர்ந்தவர்தான். பழக்கதோஷம், கண் தானாக இடதுக்கும் வலதுக்கும் போய்வந்தது. லேசாகச் சிரித்தார். "ஷேடு சேரலையேம்மா."

"சேரலதான் சார். காலைல சரியாத்தான் உள்ள அனுப்பறோம். சாயங்காலத்துக்குள்ள எந்த எடத்துல மாறுதுன்னு நீங்கதான் பாக்கணும்."

முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் உடனே நகரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு சமோசா இருக்கும் பக்கம் போனார்.

பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். மறுநாள் எங்களை யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. சங்கு ஊதும் நேரமும் மாறவில்லை. கம்ப்யூட்டர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. கேமரா சார் தொடர்ந்து வேலூர் பஸ்ஸில் வந்தார். சர்டிபிகேட்டை அக்கா கையில் கொடுக்கும்போது அவர் சிரித்துவிட்டார் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். "இன்னொரு காப்பி கேக்க மாட்டீங்களே?" என்றார். அக்கா கேட்டார்.

ஆனால் அந்தக் கண்காட்சியின் உண்மையான சிறப்பு விருந்தினர்கள் அன்று முதலாளி போன பிறகுதான் வந்தார்கள். ஆர்டர் அவசரத்தில் ஸ்டிச்சிங்குக்கு மட்டும் ஞாயிறும் வேலை. முடித்துவிட்டு ஸ்டிச்சிங் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். காலைப் படத்தில் தங்கள் பூவைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். பிறகு சாயங்காலப் படத்துக்கு முன்னால் வந்தார்கள். அதில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவள் மிக அருகில் போய்ப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இவ்ளோ பேஜாராவா இருக்கோம்?"

அக்கா அவளை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"இருக்கோம் இல்ல? அப்ப மேட்ச் ஆயிடுச்சு."

அந்த வாரமே அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைக் கேமராவை அமுக்கச் சொல்லி, மச்சத்தோடு தன் படத்தை எடுத்து சர்டிபிகேட்டோடு ஆபீசில் கொடுத்தார். புது அட்டையைப் பார்த்த வாட்ச்மேன், அட்டையையும் ஆளையும் ஒருமுறைதான் பார்த்தார். "பாஸ்" என்றார். அதற்கடுத்த வாரம் ஸ்டிச்சிங்கிலிருந்து ஒருத்தி தன் அட்டையை ஆபீஸ் மேஜையில் போட்டாள். "ஷேடு மிஸ்மேட்ச்." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் ஒரு வரிசையே. மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் ஜன்னலோரம் ஒரு ஸ்டூல். அதில் ஒவ்வொருத்தியாக, தன் நிறத்தில், தன் தழும்போடு, தன் முன்பல்லோடு உட்கார்ந்தாள். ஆபீசில் இருந்தவர் கேலி பேசுவதை அத்தோடு விட்டுவிட்டார். கடைசியாகத் தன் அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அக்கா ஒருமுறை பார்த்துவிட்டு, "உக்காருங்க" என்றார்.

வயது முடிந்து ஓய்வு பெற்றதும் அக்கா அரக்கோணத்தில் தங்கை வீட்டோடு போய்விட்டார். போகும்போது காலைப் படத்தை எடுத்துக்கொண்டார். வாயைத் திறந்துகொண்டு லேஸ் தேடுகிற என் முகம் இப்போது அரக்கோணத்தில் தொங்குகிறது. சாயங்காலப் படம் என்னிடம் இருக்கிறது. அண்ணன் வீட்டு முன்னறையில், வாசலுக்கு நேராக மாட்டியிருக்கிறேன். போகிற வருகிற எல்லோர் கண்ணும் அதன்மேல் விழும்.

"கதவைத் தொறந்து போட்டுட்டு அதை அங்க மாட்டி வச்சிருக்கியே, எவனாச்சும் எடுத்துக்கினு போய்ட்டா?" என்று அண்ணி அடிக்கடி கேட்பார்.

எனக்கு அந்தப் பயமே கிடையாது. ஒத்தக் காலை எவனும் திருட மாட்டான்.